தலைகீழாக நின்றாலும்...

"தலைகீழாக நின்றாலும் நடவாது" என்பது நாம் அன்றாடம் வழங்கும் தொடர். முடியாத காரியம் ஒன்றைச் சுட்டுவதற்கு, முடியாத செயல்களிலேயே பெரியதாக ஒன்றைத் தேடிய நம் மக்கள் கண்டெடுத்தது தலைகீழாக நிற்பதைத்தான் போலும். மத்ரஸாவில் பாடம் வராத பிள்ளைகளிடம் இத்தொடரை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருநாள் அப்படிச் சொன்னபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தலைநிமிர்ந்து, "நின்னுட்டா வந்துருங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது சில நாள் கழித்தே தெரிந்தது. அஸர் தொழுகைக்குப் பின் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே அவன் இரு கைகளையும் ஊன்றிக் கால்களை வானை நோக்கி உயர்த்தினான். செல்பேசியில் யாரோ செய்ததைக் கண்டு தானே பழகிக்கொண்டானாம். நான் படியிறங்கி வருவதற்குள் மூன்று எண்ணும் நேரம் அசையாமல் நின்றான். பிறகு கால்கள் முதுகுப்புறமாகச் சாய்ந்தன. என்ன செய்வதென்று அறியாமல் ஒரு கையை மடக்கிக் கொடுத்தான். மணிக்கட்டை ஒட்டிய எலும்பு முறிந்தது. ஐந்து வாரம் மாவுக்கட்டு.

அவனுடைய அத்தா தறி ஓட்டுபவர். எங்கள் சோமனூரில் பாதிப்பேர் அப்படித்தான். காடாத் துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓசை நின்றால்தான் இவ்வூரில் குழந்தைகள் விழித்துக்கொள்ளும் என்பர். அம்மனிதர் என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஹஜ்ரத், பசங்க கேப்பாங்க" என்றார். நானும் சொன்னேன். முற்றத்தில் அவ்விளையாட்டு அன்றோடு நின்றது. ஒரு வாரத்திற்குள் அது தறிக் குடோன்களின் மொட்டை மாடிக்கும், இரயில் பாதையை ஒட்டிய வெற்று நிலத்திற்கும் குடிபெயர்ந்தது. என் கண்முன் நடந்தது என் கண்ணுக்கு மறைவாக நடக்கலாயிற்று. நான் செய்த சீர்திருத்தம் அவ்வளவே.

விலக்குவதாயின் எதை விலக்குகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும் அல்லவா? இதனை முறையாகக் கற்பிப்போர் உண்டா, எலும்பு முறியாமல் கற்கும் வழி உண்டா என்று தேடப் புறப்பட்டேன். தேடல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று முன்பே அறிந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்து.

மாஸ்டரின் நிபந்தனைகள்

பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அனைவருக்கும் அவர் 'மாஸ்டர்'. உடற்கல்வி என்னும் துறை பள்ளிகளில் வேர்கொண்டதற்கு, 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியே இந்நாட்டில் முன்னோடி. நாம் 'டிரில் மாஸ்டர்' என்று அழைத்து அஞ்சிய ஆசிரியர் பரம்பரை அங்கிருந்து கிளைத்ததுதான். கோவைப் பகுதிக்கோ இதில் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. ஜெர்மனியில் பிறந்த பயில்வான் சாண்டோ 1904ஆம் ஆண்டு தொடங்கி இந்தியாவெங்கும் சுற்றிச் சென்றபின், கட்டுடல் கொண்டோரை 'சாண்டோ' என அழைக்கும் வழக்கம் பிறந்தது. திரைப்படத் தயாரிப்பாளராகப் பின்னாளில் புகழ்பெற்ற கோவைக்காரர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் அச்சொல் ஒட்டிக்கொண்டதும் அவருடைய தேகப்பயிற்சியினாலேயே. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை என்று வளர்ந்த அந்தத் தலைமுறையின் கடைசி ஆட்களில் ஒருவர் எங்கள் மாஸ்டர்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் வினவியது ஒன்றுதான். "ஏனுங்க பாய், பையனுக்குச் சொல்லித்தரோணும்னு வந்தீங்களா, உங்களுக்கா?"

"பிள்ளைகளுக்காகத்தான்" என்றேன்.

"அப்படின்னா மொதல்ல நீங்க படிக்கோணும். தனக்குத் தெரியாதத வேண்டாம்னு சொன்னா எந்தப் பையனும் கேக்க மாட்டானுங்க."

இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இரண்டாவது, கண் மருத்துவரிடம் கண்ணின் அழுத்தம் பார்க்க வேண்டும். முதலாவது விளங்கியது, இரண்டாவது வியப்பாக இருந்தது. பின்னர் படித்தறிந்தேன்: 2006இல் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், சிரசாசனம் பழகும் 75 பேரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். தலைகீழாக இருக்கும் நேரத்தில் கண்ணுக்குள் உள்ள அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நலமுடைய கண் அதனைத் தாங்கிக்கொள்ளும். கண்ணீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா உடையவர்க்கோ அது கேடு. அந்நோய் பெரும்பாலும் வலியின்றி வருவது. இருப்பதே தெரியாமல் பல்லாண்டு இருப்பது. நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றோரும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதோரும், கழுத்தெலும்புத் தேய்வு உள்ளோரும், கருவுற்ற பெண்களும் இப்பக்கம் வராதிருப்பதே நன்று. நாற்பதைக் கடந்த வாசகர்கள் தலைகீழாக நிற்காவிட்டாலும் கண்ணழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சிரசாசனத்தையும் இதனையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். பண்டித நேரு நாள்தோறும் செய்துவந்தது சிரசாசனம். அதில் தலையும் முன்கைகளும் தரையில் படியும், கழுத்து பாரம் தாங்கும். இங்கே தரையில் படிவன உள்ளங்கைகள் மட்டுமே. தலை அந்தரத்தில் இருக்கும். யோகப் பயிற்சியில் இதற்கு 'அதோமுக விருக்ஷாசனம்' என்று பெயர். கீழ்நோக்கிய மரம் என்பது பொருள். பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட யோக நூலில் இதன் படமும் விளக்கமும் உண்டு.

மருத்துவர்கள் இருவரும் தடையில்லை என்றனர். என் மனைவி மட்டும், "இந்த வயசுல எதுக்குங்க இது? விழுந்து கெடந்தா யாரு பாக்கறது?" என்றார். நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

சாண் அளவு நிலம்

உடையைப் பற்றி ஒரு சொல். கைலி கட்டிக்கொண்டு இப்பயிற்சிக்குச் செல்வது அறிவுடைமை அன்று. ஏன் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. காற்சட்டையும், அதனுள் செருகிய சட்டையும் வேண்டும். விரிப்பைப் பற்றியும் ஒரு சொல்: பவானி ஜமுக்காளம் எத்துணை உயர்ந்ததாயினும், வழவழப்பான தரையில் அது நழுவும். கைகள் படியும் இடம் வெறுந்தரையாக, உறுதியாக இருக்க வேண்டும். விழக்கூடிய இடத்தில் மெத்தென்று ஏதேனும் கிடக்கட்டும். மாஸ்டர் வீட்டு முற்றத்தில் கழிவுப் பஞ்சு திணித்த பழைய மெத்தைகள் இரண்டு இருந்தன.

முதல் இரண்டு வாரம் கால்கள் தரையைவிட்டு எழவே இல்லை. மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, உடலை மெல்ல முன்னே சாய்ப்பதும் மீள்வதும்தான் பாடம். மணிக்கட்டு நம் வாழ்நாளெல்லாம் எழுதவும் தூக்கவும் பழகியதே ஒழிய, உடல் முழுவதையும் தாங்கப் பழகியதன்று. அதைப் பழக்காமல் தொடங்குவோர் பத்தாவது நாளில் வலியோடு விட்டுவிடுவர். என் கிதாபைப் புரட்டும் வலக்கையைவிட இடக்கை இணக்கமாக இருந்தது எனக்கே வியப்பு.

பிறகு விரல்கள். நாம் கால்களில் நிற்கும்போது சற்றே முன்னே சாய்ந்தால் கால்விரல்கள் தரையை அழுத்தி நம்மைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. பின்னே சாய்ந்தால் குதிகால் பாரத்தை ஏற்கிறது. நாம் அறியாமலே நாளெல்லாம் இது நடக்கிறது. கைகளில் நிற்கும்போது இதே வேலையை விரல் நுனிகளும், உள்ளங்கையின் அடிப்பகுதியும் செய்ய வேண்டும். விரல்களை அகல விரித்து, நுனிகள் தரையைக் கவ்வுவதுபோல் வைக்க வேண்டும். கால்கள் முதுகுப்புறமாகச் சாயத் தொடங்கினால் விரல் நுனிகளை அழுத்தி மீட்கலாம். வந்த வழியே திரும்பி விழத் தொடங்கினால் உள்ளங்கை அடியில் பாரம் ஏறும். அதனை மீட்பது கடினம். எனவே தேர்ந்தவர்கள் பாரத்தைச் சற்றே விரல்பக்கம் வைத்து நிற்பர். 2001இல் டேவிட் கெர்வின், கிராண்ட் ட்ரெவார்த்தா என்னும் ஆய்வாளர்கள், கைகளால் நிற்போரின் அசைவுகளை அளந்து ஆராய்ந்தனர். சமநிலையைக் காப்பதில் பெரும்பங்கு மணிக்கட்டினுடையதே. தோளும் இடுப்பும் அதற்குத் துணை என்பது அவர்கள் கண்டது. மாஸ்டர் அந்த ஆய்வைப் படித்தவரல்லர். "கை பாதமாகோணும்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கை பாதத்திற்கு ஈடாகுமா? பாதம் ஏறத்தாழ ஓரடி நீளம். கை ஒரு சாணுக்கும் குறைவு. கெண்டைக்காலின் தசை எங்கே, முன்கையின் தசை எங்கே! ஒலிம்பிக் போட்டியில் வளையங்களில் தலைகீழாக நிற்கும் வீரர்கூட இரண்டு வினாடி அசையாது நின்றால் அந்நிலை கணக்கில் சேர்ந்துவிடும். எங்கள் மத்ரஸா முற்றத்தில் அச்சிறுவன் நின்ற மூன்று வினாடிகளை அப்போதுதான் நான் மதிப்பிட்டுப் பார்த்தேன். அவனுக்கு வாய்த்தது பெரிய காரியம். வாய்க்காதது அதிலிருந்து இறங்கும் வழி ஒன்றே.

சுவரோடு மூன்று மாதம்

சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பதுபோல், சுவருக்கு முதுகு காட்டிக் காலை உதைத்து ஏறுவதே எல்லோரும் முதலில் செய்வது. மாஸ்டர் அதனை ஒப்பவில்லை. அப்படி ஏறினால் குதிகால் சுவரில் சாய, இடுப்பு வளைந்து, உடல் வில்லாகிவிடும், அவ்வளைவே பழக்கமாகிவிடும். அவர் கற்பித்த வழி இது: சுவருக்குக் கால்களைக் காட்டித் தண்டால் எடுக்கும் நிலையில் குப்புற இருக்க வேண்டும். பிறகு பாதங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் மேலே ஏற்றிக்கொண்டே, கைகளைச் சுவரை நோக்கி நகர்த்த வேண்டும். முகமும் வயிறும் சுவரைப் பார்த்திருக்கும். முழங்கை மடங்கலாகாது. தோள்களைக் காதுவரை உயர்த்தித் தரையைத் தள்ளுவதுபோல் நிற்க வேண்டும். பார்வை இரு கைகளுக்கும் நடுவே. மூச்சை அடக்கலாகாது. முதல் நாள்களில் பாதி உயரம் ஏறுவதே போதும். பத்து வினாடி, இறங்கி இளைப்பாறல், மீண்டும் பத்து வினாடி. ஐந்து முறைக்கு மேல் வேண்டா. உண்டு மூன்று மணி நேரமேனும் கழிந்திருக்க வேண்டும்.

என் தோள்கள் உயரவில்லை. இருபதாண்டுகளாகச் சம்மணமிட்டுக் குனிந்து பாடம் சொன்னவனின் தோள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வாசகர்கள் இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். முதுகும் இடுப்பும் சுவரில் படிய நின்று, விலாவைத் தூக்காமல், முழங்கையை மடக்காமல், இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்துங்கள். கட்டைவிரல் சுவரைத் தொடுகின்றதா? என் கைகள் சுவருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டன. அந்த ஒரு சாணைக் கடக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நிலைக்கதவின் சட்டத்தைப் பற்றித் தொங்குவதும், நாற்காலியில் கைகளை வைத்து மார்பைத் தாழ்த்துவதுமாகக் கழிந்தன அம்மாதங்கள்.

என் பத்து வயது மகளுக்கு இத்தொல்லை ஏதுமில்லை. ஒருநாள் துணைக்கு வந்தவள், மறுவாரமே சுவரில் நேராக நின்றாள். அங்கிருந்தபடியே என்னைப் பார்த்து, "அத்தா, நீங்க அருவாளாட்ட வளைஞ்சிருக்கீங்க" என்றாள். குழந்தைகளின் உடல் இலேசு. விழும் உயரமும் குறைவு. அஞ்சுவதற்கு அவர்களிடம் கணக்கும் குறைவு. திரிபுராவின் தீபா கர்மாகர் சிறுமியாயிருந்தபோது தட்டைப்பாதம் உடையவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் குதிப்புப் பிரிவில் நான்காமிடம் பெற்றார். வெண்கலம் தவறியது 0.150 புள்ளியில். அவர் ஓடிவந்து மேடையில் கைகளை ஊன்றும் அந்தக் கணநேரத்தில் உடல் இருக்கும் நிலை, நாம் பேசும் இந்த நிலையேதான். அவருடைய படத்தை மகள் எங்கிருந்தோ வெட்டியெடுத்து அலமாரியில் ஒட்டியிருக்கிறாள்.

இரத்தம் தலைக்குப் பாய்ந்து நினைவாற்றல் பெருகும் என்பாரும், தலைமுடி வளரும் என்பாரும் உளர். மூளைக்குச் செல்லும் இரத்தத்தை, நாம் எந்நிலையில் இருந்தாலும் உடலே அளவிட்டுக்கொள்கிறது. முடியைப் பற்றியோ, என் தலையைக் கண்டவர் எவரும் அதனை நம்பமாட்டார். தோளும் மணிக்கட்டும் உறுதிபெறும் என்பதும், நாள் முழுதும் கூன் விழுந்த முதுகு நிமிரும் என்பதும் மட்டும் என் உடல் கண்டவை.

மூன்று மாதத்தின் முடிவில் சுவரில் முகம் பதித்து முப்பது வினாடி நின்றேன். அங்கேதான் இடர் தொடங்கியது. ஒரு காலைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார் மாஸ்டர்; எடுத்தேன். மற்றொன்றை எடுக்கச் சொன்னார்; அது வரவில்லை. நாள்தோறும் முயன்றேன். ஒரு மாதம் அப்படியே கழிந்தது.

கூடாரமும் தர்காவும்

முன்னேற்றம் இல்லாத அந்த மாதத்தில் என் பழைய பழக்கம் கைகொடுத்தது. கலைப்பட்டதாரிக்குப் புத்தகத்தைத் தவிரப் புகல் ஏது? கோவை வ.உ.சி. மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் போடும்போதெல்லாம் தம் இளமையில் தவறாது சென்றதாக மாஸ்டர் சொல்வார். அவர்களுக்கு யார் கற்பித்தது என்று தேடினேன்.

நம் நாட்டு சர்க்கஸின் தொடக்கம் 1880. மராட்டியரான விஷ்ணுபந்த் சத்ரே என்பவர் பம்பாயில் தம் சர்க்கஸைத் தொடங்கினார். அவர் பின்னர் மலபாரின் தலச்சேரிக்கு வந்தபோது, அங்கே உடற்பயிற்சியும் போர்க்கலையும் கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் ஆசிரியரைச் சந்தித்தார். குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்திய சர்க்கஸ்களை நிரப்பிய மலையாளக் கலைஞர் கூட்டம் அங்கிருந்தே புறப்பட்டது. அதற்கும் முன்னே நம் தமிழகத்தில் கழைக்கூத்தர் இருந்தனர். கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையொலி குறுந்தொகையிலேயே உவமையாக வருகிறது. என் சிறுவயதில் சந்தை நாளன்று, என்னைவிட இளைய சிறுமி ஒருத்தி புழுதியில் கைகளால் நடந்துவந்து தட்டில் காசு பெற்றதை நான் கண்டிருக்கிறேன். அப்போது அவளுக்கு யாரும் கண்ணழுத்தம் பார்த்திருக்கமாட்டார்கள்.

எனக்குப் புதிதாக இருந்தது மொராக்கோச் செய்தி. அந்நாட்டின் தெற்கே சூஸ் வட்டாரத்தில், தஸர்வால்த் என்னுமிடத்தில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த சீதி அஹ்மத் ஊ மூஸா என்னும் இறைநேசரின் தர்கா உள்ளது. அவர் பெயரைத் தாங்கிய கூட்டத்தார், 'அவ்லாத் சீதி அஹ்மத் ஊ மூஸா' எனப்படுவோர், கரணம் போடுவதையும் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் அமைப்பதையும் தொழிலாகக் கொண்டவர்கள். ஊர் ஊராகச் சென்று சந்தைகளில் ஆடிய அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க சர்க்கஸ்களிலும் இடம்பெற்றனர். அம்மரபில் வந்த தாஞ்சியர் நகரக் கலைஞர்கள் 2004இல் 'தவூப்' என்றொரு நிகழ்ச்சியை மேடையேற்றினர். தவூப் என்றால் துணி. பெரியதொரு துணியை வைத்தே நிகழ்ச்சி அமைந்திருந்தது. காடாத் துணிக்கும் கரணத்திற்கும் இத்தனை தொலைவில் ஓர் உறவு இருப்பதை மாஸ்டரிடம் சொன்னேன். "அவுங்க எத்தனை வாட்டி விழுந்திருப்பாங்க, அத எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

எழுதியிருக்கவில்லை.

விழும் பாடம்

உண்மையில், முதல் நாளே அவர் சொன்ன பாடம் அதுதான். "விழுகப் படிச்சவனுக்குத்தான் நிக்க வரும்" என்றார். அன்று நான் அதனைச் சிரித்துக் கடத்திவிட்டேன். நாற்பத்தைந்து வயதில், தாடி வைத்த ஓர் ஆசிரியன், பிறர் காண மெத்தையில் விழுந்து பழகுவதா? சுவர் இருக்கும்போது விழ வேண்டிய தேவை என்ன? மூன்று மாதம் சுவரை நம்பி அப்பாடத்தைத் தட்டிக்கழித்தேன். சுவரை விடும் நாள் வந்தபோது என் கைகள் ஆயத்தமாக இருந்தன. தோள்கள் ஆயத்தமாக இருந்தன. விழுந்தால் என்ன செய்வது என்பது மட்டும் உடலுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்திற்கு அது எப்படிக் காலை எடுத்து வைக்கும்?

விழும் முறை கடினமானதன்று. கால்கள் தலையைக் கடந்து முதுகுப்புறமாகச் சாயும்போது, ஒரு கையைத் தரையிலிருந்து எடுத்து ஓரடி முன்னே மாற்றி ஊன்ற வேண்டும். உடனே இடுப்பு தானாகத் திரும்பும். கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் இறங்கும். சிறுவர்கள் கைகளை மாற்றி ஊன்றிச் சக்கரம் சுற்றுவார்களே, அதன் பிற்பாதிதான் இது. முழங்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் மடக்கலாகாது. அச்சிறுவன் செய்த பிழை அதுவே. அவன்மீதும் குற்றமில்லை, ஏறுவதைக் காட்டிய படங்களில் இறங்குவதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

முதலில் கைகளைத் தரையில் வைத்துத் தாழ்வாகக் குதித்துத் திரும்பினோம். பின் இடுப்பளவு. பின் சுவரில் பாதி ஏறி, அங்கிருந்து திரும்பி இறங்கினோம். முதல் நாள் இருபது முறையாவது விழுந்திருப்பேன். மகள் கைதட்டினாள். ஆறாம் நாள், சுவரில் நின்றவன் கால்களை வேண்டுமென்றே விட்டு, திரும்பி, இரு பாதங்களில் வந்து நின்றேன். அப்போது உடல் நடுங்கியது, அச்சத்தால் அன்று. அடுத்த வாரம், ஒரு மாதம் வராத அந்த இரண்டாவது கால் சுவரைவிட்டுத் தானே வந்தது.

அதே வாரத்தில் வகுப்பில் ஒன்று நேர்ந்தது. ஒரு சிறு பையன் ஓதிக்கொண்டு வந்தவன் நடுவில் தடுமாறி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். வழக்கமாக நான் அவ்விடத்தில் சொல்லும் தொடர் வாசகர்களுக்குத் தெரியும். அன்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. அவன் பார்த்த முகத்தை நான் முந்தின மாதம் முழுவதும் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தேன். "தப்பா ஓதிட்டுப் போ, அப்புறம் திருத்திக்கலாம்" என்றேன். அவன் நம்பாமல் மீண்டும் ஒருமுறை பார்த்தான்.

மாவுக்கட்டு பிரித்த சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்ரஸாவுக்கு ஒரு மெத்தை வாங்கலாம் என்று நிர்வாகத்தாரிடம் சொல்லிப் பார்த்தேன். பெரியவர் ஒருவர், "இது மத்ரஸாவா, சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் பொருளுண்டு. ஓதும் இடத்தில் ஒன்றும், ஆடும் இடத்தில் ஒன்றும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஞாயிறு காலைகளில் மாஸ்டர் வீட்டு முற்றத்தில் எட்டுச் சிறுவர்களும் என் மகளும் அவளுடைய தோழியர் இருவரும் கூடுகின்றனர். பெற்றோர் நேரில் வந்து சம்மதம் சொன்னாலன்றி மாஸ்டர் எந்தப் பிள்ளையையும் சேர்ப்பதில்லை. விழும் பாடம் முடியாமல் எவரையும் சுவரருகே விடுவதும் இல்லை.

அச்சிறுவனின் அத்தாவிடம் நானே போய்க் கேட்டேன். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். அறுந்த இழையொன்றை முடிந்துவிட்டு, "மறுபடி ஒடஞ்சா?" என்றார். உடையாது என்று நான் உறுதி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எப்படி விழுவது என்று முதலில் கற்பிப்பார்கள் என்றேன். சற்று நேரம் தறியின் ஓசை மட்டும் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பையனோடு அவரும் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, மகன் முப்பது முறை விழுவதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். இரண்டாம் ஞாயிறு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார்.

சுவரைத் தொடாமல் நான் இதுவரை நின்றதில் நெடியது ஆறு வினாடி. மகளின் கணக்கில் அது எட்டு. அவள் சற்று விரைவாக எண்ணுவாள்.